டவர் தெரிகிறது, இணையம் வரவில்லை: கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். 40 பக்க நோட்டு போதும். கையெழுத்து வாங்குவது, ஆட்சியரைப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நான் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் பாதியில் நின்றுபோகும். ரேஷன் கடைக் கருவி கைரேகையை வாங்கிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கருவாட்டு வியாபாரிக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் விற்றவரும் வாங்கியவரும் செல்பேசியைப் பார்த்தபடி நிற்பார்கள். வளைகுடா நாட்டில் இருக்கும் கணவரின் முகம் வீடியோ அழைப்பில் கட்டம் கட்டமாக உடையும். எல்லாப் புலம்பலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு, 300 பேரிடம் கையெழுத்து வாங்கி, ‘எங்கள் ஊருக்கு நல்ல இணையச் சேவை வேண்டும்’ என்று சேவை நிறுவனத்துக்கு மனு அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: உங்கள் பகுதியில் சேவை சீராக இருக்கிறது. அதை மறுக்க எங்களிடம் ஒரு தேதி இல்லை, ஒரு புகார் எண் இல்லை. 300 கையெழுத்து மட்டும் இருந்தது.

அடுத்த முறை 22 பேர்தான் இறங்கினோம். நோட்டோடு இறங்கினோம். கீழே இருப்பது அந்த இரண்டாம் முறையின் வரிசை.

என்ன கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

‘நெட் சரியில்லை’ என்பது மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வதைப் போன்றது. எங்கள் கடற்கரையில் நான் பார்த்த வரை கோளாறு மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியது வேறு.

முதல் வகை, சிக்னலே எட்டாதது. வீட்டுக்குள் இல்லை, படகுத்துறையில் இல்லை, மொட்டை மாடியில் மட்டும் ஒரு புள்ளி. இதற்கு ஊரைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்: பள்ளி, ரேஷன் கடை, கோயில் அல்லது பள்ளிவாசல் வாசல், மீன் ஏலம் நடக்கும் இடம், ஊரின் கடைசித் தெரு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய், 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை (2ஜி, 4ஜி, 5ஜி) கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் ஊரைத் தேடுங்கள். வரைபடத்தில் ஊர் மேல் நிறம் பூசியிருந்து, அதே இடத்தில் உங்கள் செல்பேசி ‘சேவை இல்லை’ என்று காட்டினால், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய படத்தாலேயே மறுக்கலாம். வரைபடத்திலும் ஊர் வெறுமையாக இருந்தால், புதிய டவர் கேட்கும் நெடிய வழக்கு அது. மற்ற இரண்டோடு அதைக் கலக்க வேண்டாம்.

இரண்டாம் வகைதான் பலரையும் குழப்புவது. சிக்னல் புள்ளிகள் முழுதாக நிற்கும், ஒரு படம்கூட இறங்காது. விடியற்காலை 5 மணிக்கு நன்றாக ஓடி, இரவு 7 முதல் 10 வரை படுத்துவிட்டால், டவரில் நெரிசல் என்று பொருள். டவருக்கும் உங்கள் செல்பேசிக்கும் இடையே உள்ள தூரம் இங்கே சிக்கல் இல்லை. டவரிலிருந்து வெளியே போகும் வழி குறுகியதாக இருக்கலாம். சில டவர்களுக்குத் தரைக்கு அடியில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், வரும். சிலவற்றுக்கு அடுத்த டவரிலிருந்து கம்பியில்லாத நுண்ணலை இணைப்புதான்; முரசு போல உருண்டையாக மேலே பொருத்தியிருக்கும் தட்டு பெரும்பாலும் அதற்குரியது. நாலுவழிச் சாலைக்குப் போகும் சந்து ஒற்றையடிப் பாதையாக இருந்தால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடக்கிறது. இப்படிப்பட்ட ஊர் ‘புதிய டவர் வேண்டும்’ என்று கேட்டால் நிறுவனம் நிம்மதியாக ‘டவர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று எழுதிவிடும். ‘இருக்கும் டவரின் கொள்ளளவைக் கூட்டுங்கள், ஃபைபர் இணைப்புக் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் வகை, மின்சாரம் போனதும் டவரும் போவது. மின்தடை தொடங்கி எத்தனை நிமிடத்தில் சிக்னல் அறுகிறது என்று மட்டும் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 20, 25 நிமிடம் என்று வந்தால் பேட்டரி செத்துவிட்டது, டீசல் ஜெனரேட்டரும் ஓடவில்லை என்று ஊகிக்கலாம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊரில் இது அடிக்கடி நடக்கும். சரிசெய்யச் செலவு குறைவான கோளாறு. விட்டுவிட்டால் ஆபத்து அதிகம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில்தான் எச்சரிக்கைச் செய்தி செல்பேசிக்கு வர வேண்டும், அப்படிப்பட்ட நாளில்தான் மின்சாரமும் இருக்காது. எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்று உங்கள் குழுவில் வாக்குவாதம் வந்தால், நான் இதற்குத்தான் கை தூக்குவேன்.

தனுஷ்கோடிப் பக்கத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அரிச்சல்முனையில் நின்றால் செல்பேசி ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ என்று சொல்வது வேடிக்கைக் கதை மட்டுமில்லை. இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த கடல் மேல் சில நாட்களில் ரேடியோ அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் போகும். செல்பேசி தானாகவே அந்தப் பக்கத்து நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் நம் ஊர் டவர் வேலை செய்யவில்லை என்று தோன்றும். அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வைக் கையால் செய்வதாக மாற்றுங்கள், ரோமிங் டேட்டாவை அணையுங்கள். அதன் பிறகு அளந்ததை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

14 நாள். ஐந்து இடம். காலை 6, பிற்பகல் 2, இரவு 8.30 என்று நாளுக்கு மூன்று முறை. தேதி, நேரம், இடம், நிறுவனம், சிக்னல் புள்ளி, இறக்க வேகம் (டவுன்லோடு), ஏற்ற வேகம் (அப்லோடு), மின்சாரம் இருந்ததா: ஒரு வரிக்கு இவ்வளவுதான். வேகத்தை அளக்க டிராயின் மைஸ்பீடு செயலி இருக்கிறது. வேறு செயலியும் பரவாயில்லை. ஆனால் எல்லோரும் ஒரே செயலியில் அளக்க வேண்டும். நாங்கள் முதல் வாரம் ஆளுக்கொரு செயலியில் அளந்து, எண்களை ஒப்பிட முடியாமல் அந்த வாரத்தையே தூக்கிப் போட்டோம்.

செல்பேசிக் கோளாறு என்று தட்டிக்கழிக்க இடம் வைக்காதீர்கள். அதே சிம்மை இன்னொரு கருவியில் போட்டு ஒருமுறை, அதே இடத்தில் வேறு நிறுவன சிம்மோடு ஒருமுறை. கம்பிவழி பிராட்பேண்ட் என்றால் வைஃபையில் அளக்காமல், ரூட்டரிலிருந்து கணினிக்கு நேராக ஒயர் செருகி அளக்க வேண்டும். கம்பிவழித் திட்டத்தில் வேகம் எழுத்தில் இருக்கும், அதோடு ஒப்பிடலாம். மொபைல் டேட்டாவில் உங்களுக்கு இத்தனை எம்பிபிஎஸ் (வேகத்தின் அளவு; 1 எம்பிபிஎஸ் என்பது 1,000 கேபிபிஎஸ்) தருகிறோம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. இரவு தோறும் 0.3 எம்பிபிஎஸ் என்று வரும் அளவீட்டை அந்த 2க்குப் பக்கத்தில் எழுதுங்கள். ‘மிக மெதுவாக இருக்கிறது’ என்பதைவிட அந்த இரண்டு எண்கள் நன்றாகப் பேசும்.

ஆளுக்கொரு புகார் எண்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். குதிக்காதீர்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, ‘நிறுவனத்தில் புகார் செய்தீர்களா, எண் என்ன?’

198ஐ அழையுங்கள். உங்கள் சிம் எந்த நிறுவனமோ அதன் புகார் மையம் எடுக்கும். ஊர், தெரு, பின்கோடு, எந்த நாள் முதல், எந்த நேரத்தில் என்று நோட்டைப் பார்த்தே சொல்லுங்கள். புகார் எண் குறுஞ்செய்தியாக வர வேண்டும். வராமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ‘செல்பேசியை அணைத்துப் போட்டுப் பாருங்கள்’ என்று சொல்வார்கள். போட்டுப் பார்த்துவிட்டு, ‘பார்த்துவிட்டேன், எண்ணைக் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். கோபம் வேண்டாம். எதிர்முனையில் பேசும் பிள்ளைக்கு நம் டவர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

டிராயின் 2012ஆம் ஆண்டு புகார் தீர்வு விதிகளின்படி சேவைத் தடங்கல் புகாரை 3 நாளில் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் நாளே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும், டவர் அப்படியே இருக்கும். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அன்றிரவே மீண்டும் அளந்து அதன் கீழே எழுதுங்கள். பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். 30 நாளுக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது, அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 22 பேர் 22 புகார் எண்ணோடு ஒரே வாரத்தில் மேல்முறையீடு செய்தபோதுதான் எங்கள் ஊரின் பெயரை நிறுவனத்துக்காரர் சரியாக உச்சரிக்கக் கற்றார்.

வீட்டுக்கு இணையம் கொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரராக இருந்தால் கொஞ்சம் கவனம். அவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் இணைப்பை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர். ரசீது கேளுங்கள், அதில் இருக்கும் நிறுவனத்தின் பெயரில்தான் புகார் பதிய வேண்டும். ரசீதே இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் போராட்டம் ரசீது கேட்பதிலிருந்து தொடங்குகிறது.

ஆள் சேர்ப்பது

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அது. வலை பின்னிக்கொண்டே பேச நேரம் இருக்கும், அதனால் கூட்டத்தை அப்போது வையுங்கள். ஆனால் அளவீட்டைத் தடைக்காலத்தில் மட்டும் எடுக்க வேண்டாம். தொழில் நடக்கும் மாதங்களில் ஏலக்கூடத்தில் வேகம் எப்படி இருக்கிறது என்பதும் வேண்டும்.

எல்லோரையும் சேர்க்க முயலாதீர்கள். 15, 20 பேர் போதும், ஆனால் பல பக்கத்திலிருந்தும் வர வேண்டும்: படகு உரிமையாளர் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இருவர், ஜமாஅத்திலிருந்தோ தேவாலயப் பங்கிலிருந்தோ ஒருவர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி படிக்கும் பிள்ளைகள். பெண்கள் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது மரியாதைக்காக இல்லை. 100 நாள் வேலையில் வருகைப் புகைப்படம் ஏறாமல் வெயிலில் காத்திருந்தது அவர்கள். எந்த மூலையில் எத்தனை மணிக்கு சிக்னல் வரும் என்று கேட்டால் பட்டியலே சொல்வார்கள்.

ஒருவர் நோட்டு, ஒருவர் கோப்பு, இருவர் பேசுவதற்கு. பேசும் இருவரும் வெவ்வேறு நிறுவன வாடிக்கையாளர்களாக இருந்தால், போட்டி நிறுவனம் தூண்டிவிட்டது என்ற பேச்சு எழாது. கட்சிக் கொடி வேண்டாம். தபால் செலவுக்கு மேல் பணம் திரட்ட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் அளவீடும் புகார் எண்ணும் மட்டும் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலை வணக்கப் பூக்கள் இறங்கியே எங்கள் குழுவின் பாதி டேட்டா தீர்ந்தது.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் இருந்தால் பதியலாம். தொடக்கத்தில் தேவையில்லை. பதவி யாருக்கு என்ற சண்டையில் டவரை மறந்த ஊர்களும் உண்டு.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

‘எங்கள் ஊரில் உள்ள தங்கள் டவரில், மின்தடை ஏற்பட்ட 9 முறையில் 8 முறை, 30 நிமிடத்துக்குள் சேவை நின்றது. தேதியும் நேரமும் இணைப்பில் உள்ளன. 22 வாடிக்கையாளர்களின் புகார் எண்களும் இணைப்பில் உள்ளன. நாங்கள் கேட்பது இரண்டு: டவரின் பேட்டரியை மாற்றுதல், எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று எழுத்தில் தெரிவித்தல்.’

இரண்டாவது கேட்டதுதான் முக்கியம். தேதி கேட்காத கடிதத்துக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதில்தான் வரும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள்.

அரசுக் கதவுகள்

டிராய்க்குத் தனி ஆள் புகார் எழுதிப் பயனில்லை. தனிப்பட்ட புகார்களை அது விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு, மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளம் வழியாக, நிறுவனத்தின் புகார் எண்ணையும் மேல்முறையீட்டு எண்ணையும் சேர்த்து அனுப்பலாம்.

கிராம சபையை விடாதீர்கள். ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் போட வைக்கலாம். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். ஆட்சியருக்கும் தனியார் நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ‘கேபிள் பதிக்கச் சாலை தோண்ட அனுமதி வரவில்லை’, ‘இடம் கிடைக்கவில்லை’, ‘மின் இணைப்பு தாமதம்’ என்று நிறுவனம் காரணம் சொன்னால், அந்த முடிச்சுகளை அவிழ்க்க மாவட்ட நிர்வாகம் உதவ முடியும். நிறுவனத்தின் பதில் கடிதத்தையே ஆட்சியரிடம் கொடுங்கள்.

ஊராட்சி அலுவலகத்தில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டி இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் அது தனி மனு. அரசு நிறுவனங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தனியார் நிறுவனத்திடம் இந்தச் சட்டம் செல்லாது.

பதில் வரவில்லை என்றால்

மிக எளிய வழி, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவது. செல்பேசியிலிருந்து 1900க்கு ‘போர்ட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, இடைவெளி விட்டு எண்ணையும் சேர்த்து அனுப்பினால் குறியீடு வரும். ஒரு நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். தனியாக மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘இந்தத் தேதிக்குள் சரியாகவில்லை என்றால் இந்த 140 எண்களும் மாறும்’ என்று பட்டியல் இணைத்து எழுதிய கடிதத்துக்கு எங்களுக்கு ஆறே நாளில் தொலைபேசி அழைப்பு வந்தது. மாறுவதற்கு முன் மற்ற நிறுவனத்தின் வேகத்தையும் நோட்டில் பாருங்கள். சட்டியிலிருந்து அடுப்பில் விழ வேண்டாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாமா என்ற சந்தேகத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: விசாரிக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே வழக்காகப் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழிகேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அதற்கும் மேலே டெல்லியில் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் இருக்கிறது. டிராய் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சேவை நிறுவனத்துக்கும் ‘நுகர்வோர் குழு’வுக்கும் இடையிலான தகராறை அது விசாரிக்கலாம் என்கிறது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடிய தனி ஆளின் புகாரை அது எடுக்காது. ஒன்றுசேர்வதற்குச் சட்டமே தனி வாசல் வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் டெல்லி தூரம், வழக்கறிஞர் செலவு. எங்கள் ஊர் அவ்வளவு தூரம் போகவில்லை.

மாவட்டம் முழுவதும் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால், டிராயின் 2024 விதிகளின்படி போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு வாடகைக் கழிவும், ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்குச் செல்லுபடிக் காலநீட்டிப்பும் தர வேண்டும். இயற்கைப் பேரிடரால் நேர்ந்ததற்கு விலக்கு உண்டு. ஓர் ஊர் மட்டும் முடங்கினால் இந்த விதி உதவாது.

டவர் கேட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். எங்கள் பக்கத்து ஊரில் போட்டார்கள். மறுநாள் பேச்சு முழுவதும் பூட்டைப் பற்றியே நடந்தது, பேட்டரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் டவருக்கு ஏழாவது மாதம் புதிய பேட்டரி வந்தது. மின்தடையில் இப்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இரவு நெரிசல் அப்படியேதான் இருக்கிறது, மேல்முறையீட்டில் நிற்கிறது. வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்பு, அக்டோபர் 2 கிராம சபையில், பேட்டரியை மறுபடி சோதிக்கச் சொல்லித் தீர்மானம் வைக்க வேண்டும். நோட்டில் இன்னும் 11 பக்கம் மீதி இருக்கிறது.